குளம் ஒன்று, வாய்க்கால் பல

"ரீச்சர், இது எந்த நாட்டுக் காசு?"

தர்மபுரத்தில் எங்கள் பெண்கள் சேமிப்புக் குழுவின் மாதக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. கேட்டவர் குழுவின் மூத்த அங்கத்தவர்களில் ஒருவர். அறுபது வயதைத் தாண்டிய அம்மா. அவருடைய கையில் நான் அன்று காலை அச்சடித்துக் கொடுத்த கடன் மீதித் தாள் இருந்தது. அதுவரை கணக்குக் கொப்பியில் பேனையால் எழுதி வந்த கணக்கை, அந்த மாதம்தான் முதன்முறையாகக் கணினியில் ஏற்றியிருந்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

தாளை வாங்கிப் பார்த்தேன். அம்மாவின் கடன் ஓர் இலட்சத்து இருபத்தையாயிரம் ரூபா. தொகை சரிதான். ஆனால் அது 1,25,000 என்று அச்சாகியிருந்தது. கொப்பியில் நாங்கள் எப்போதும் எழுதுவது 125,000. போதாததற்குத் தொகைக்கு முன்னால் எங்கள் கடைகளிலோ வங்கியிலோ காணாத ஒரு குறி நின்றது. இந்திய ரூபாய்க்கு அந்த நாட்டு அரசாங்கம் 2010 இல் ஏற்றுக்கொண்ட குறி அது.

"ஒண்டு போட்டு, பிறகு இருபத்தைஞ்சு போட்டிருக்கு. நடுவில ஆரோ ஒரு எண்ணைச் செருகின மாதிரியெல்லோ கிடக்கு?" என்றார் அம்மா. அவர் கோபமாகக் கேட்கவில்லை. பயத்தோடு கேட்டார். அதுதான் என்னைத் தைத்தது.

கணக்கு என்பது வன்னிப் பெண்களுக்கு வெறும் எண்கள் இல்லை என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2009 ஜனவரியில் தர்மபுரத்தை விட்டு நாங்கள் வெளிக்கிட்டபோது உடுத்த உடுப்போடு போனவர்கள் பலர். உறுதிகள், அடைவுச் சீட்டுகள், சீட்டுக்கணக்குக் கொப்பிகள் எல்லாம் வழியிலே போயின. திரும்பி வந்து, பத்து ரூபா, இருபது ரூபாவாகச் சேர்த்துக் குழுவைக் கட்டியெழுப்பியவர்கள் எங்கள் பெண்கள். குடும்பத்தைத் தனியே சுமப்பவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். அவர்களுக்குக் கொப்பியில் உள்ள எண்ணை நம்பலாமா என்பது அடுப்பு எரியுமா என்பதைப் போன்ற கேள்வி.

அன்று கூட்டம் முடியும்வரை கொப்பியையே எடுத்து வாசித்தோம். கணினித் தாள்களை நான் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பிழை எங்கே இருந்தது?

அந்தக் கணினி எங்களுக்கு அன்பளிப்பாகக் கிடைத்த பழைய கணினி. அதிலே கட்டற்ற மென்பொருளான லினக்ஸ் இருந்தது. திரையெல்லாம் தமிழ். அதைக் கண்டு நான் மகிழ்ந்து போனேனே தவிர, அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்க்கவில்லை. இரவு திறந்து பார்த்தபோது விடயம் விளங்கியது. மொழி: தமிழ். அது சரி. வட்டாரம்: இந்தியா. அதுதான் சிக்கல்.

கணினிக்குள் மொழி ஒரு தெரிவு, வட்டாரம் இன்னொரு தெரிவு. திரையில் 'கோப்பு', 'சேமி', 'அச்சிடு' என்ற சொற்கள் எந்த மொழியில் வரவேண்டும் என்பதை மொழித் தெரிவு சொல்லும். காசுக்கு எந்தக் குறி, ஆயிரங்களுக்குக் கமா எங்கே, திகதி எப்படி, தாளின் அளவு என்ன என்பவற்றை வட்டாரத் தெரிவு சொல்லும். இந்தியாவிலே ஆயிரத்துக்கு மேலே இரண்டிரண்டு இலக்கமாகக் கமா இடுவார்கள். நாங்கள் மூன்று மூன்றாக இடுவோம். இரண்டும் சரியே. ஆனால் தமிழ் என்றவுடனே இந்தியா என்று யாரோ தெரிவு செய்துவிட்டுப் போனதனால், எங்கள் அம்மாவின் கடன் அயல் நாட்டுக் காசாகிவிட்டது.

தமிழைத் தமிழாகவே விட்டு, வட்டாரத்தை மட்டும் இலங்கை என்று மாற்றினேன். மீண்டும் அச்சடித்தேன். 125,000 என்று வந்தது. இரண்டு நிமிட வேலை.

வேலை இரண்டு நிமிடம்தான். ஆனால் அந்த இரவு என் மனதில் ஒரு கேள்வி முளைத்தது. தமிழ் பேசும் நாம் இலங்கையில், தமிழ்நாட்டில், மலேசியாவில், சிங்கப்பூரில், கனடாவில், ஐரோப்பாவில் என்று பரந்து வாழ்கிறோம். எங்களுக்கான மென்பொருளைச் செய்கிறவர்கள் மொழியை வைத்து ஒன்றாகக் கூட வேண்டுமா? அல்லது நாட்டை வைத்துத் தனித்தனியாகக் கூட வேண்டுமா?

எழுத்துக்கு ஒரே வீடு

இந்தக் கேள்வியை எங்கள் முன்னோடிகள் முதலில் எழுத்து விடயத்தில் எதிர்கொண்டார்கள்.

நான் கணினி பழகியது வன்னியில் மின்சாரம் இல்லாத காலத்தில். ஜெனரேற்றர் ஓடும் இரண்டு மணித்தியாலத்துக்குள் ஒரு கணினியில் மூன்று பேர் பழகுவோம். அப்போது எங்களுக்குத் தெரிந்த தமிழ் 'பாமினி' எழுத்துரு ஒன்றுதான். ஆங்கில 'எம்' விசையை அழுத்தினால் 'அ' வரும். 'எவ்' விசையை அழுத்தினால் 'க' வரும். கண்ணுக்குத் தமிழ் தெரிந்தாலும் கணினி தன் வயிற்றுக்குள் ஆங்கில எழுத்துகளைத்தான் வைத்திருந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் பொருளில்லாத ஆங்கிலக் கிறுக்கல்தான் தெரியும். தமிழ்நாட்டில் வேறு எழுத்துருக்கள், சிங்கப்பூரில் வேறு, புலம்பெயர்ந்த நாடுகளில் வேறு. ஒருவர் எழுதியதை மற்றவர் வாசிக்க முடியாத நிலை.

இந்தச் சிக்கலைத் தீர்க்க 1990களின் பின்பகுதியில் பல நாட்டுத் தமிழர்கள் கூடிக் கதைத்தார்கள். நாட்டெல்லை பாராமல் கணினி அறிந்தவர்கள் கலந்து பேசியதன் விளைவாக 'திஸ்கி' என்ற குறிமுறை உருவானது. 1999 பெப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டில் இருந்து 'தமிழ் 99' விசைப்பலகையும் வேறு குறிமுறைகளும் வந்தன. இறுதியில் எல்லோரும் வந்து சேர்ந்த இடம் ஒருங்குறி. அதிலே தமிழுக்கு நாட்டுக்கொரு தனித் தொகுதி இல்லை. 'அ' என்றால் கிளிநொச்சியிலும் அதே எண், கோயம்புத்தூரிலும் அதே எண், கோலாலம்பூரிலும் அதே எண்.

ஆனால் கவனியுங்கள். எழுத்தின் எண் ஒன்றானபோதும், அதை அழுத்தும் விசைப்பலகை ஒன்றாகவில்லை. தமிழ்நாட்டில் தமிழ் 99. இலங்கையிலோ தட்டச்சுப் பொறியில் பழகிய கைகளுக்கு ஏற்ற ரெங்கநாதன் விசைப்பலகை தேசிய நியமத்தில் இடம்பிடித்தது. இதனால் யாருக்கும் நட்டமில்லை. எந்தப் பலகையில் அழுத்தினாலும் உள்ளே விழுவது ஒரே எழுத்துத்தான்.

சொல்லுக்கு எத்தனை வீடு?

எழுத்துப் பிரச்சினை தீர்ந்தது. சொல் பிரச்சினை அவ்வளவு எளிதில் தீர்வதில்லை.

கட்டற்ற மென்பொருள் என்றால் என்ன என்று சில சகோதரிகள் கேட்கக்கூடும். 1983 இல் றிச்சட் ஸ்ரோல்மன் என்ற அமெரிக்கர் குனூ என்ற திட்டத்தை அறிவித்தார். எவரும் பாவிக்கலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்பதே அதன் அடிப்படை. 1991 இல் பின்லாந்து மாணவர் லினஸ் ரோவால்ட்ஸ் லினக்ஸ் கருவை எழுதினார். இரண்டும் சேர்ந்து இன்று உலகெங்கும் ஓடுகின்றன. இவற்றைத் தமிழாக்கியவர்களில் பெரும்பாலானோர் சம்பளம் வாங்காத தொண்டர்கள். வேலை முடித்து வீடு வந்து, இரவில் இருந்து ஒவ்வொரு சொல்லாக மொழிபெயர்த்தவர்கள்.

அவர்கள் முன்னால் எழுந்த கேள்விகளைப் பாருங்கள். 'கணினி' என்பதா, எங்கள் பத்திரிகைகள் நெடுங்காலம் எழுதிய 'கணனி' என்பதா? 'பதிவிறக்கம்' என்பதா, 'தரவிறக்கம்' என்பதா? 'ஆகஸ்ட்' என்பதா, 'ஓகஸ்ட்' என்பதா? தமிழ்நாட்டில் 'டீச்சர்', எங்களிடம் 'ரீச்சர்'. இவையெல்லாம் காதுக்குப் பழக்கமா இல்லையா என்ற அளவோடு நின்றுவிடும். விளங்காமல் போகாது.

சில சொற்கள் அப்படியல்ல. ஒரு படிவத்தில் முகவரி எழுதும் இடத்தில் 'மாநிலம்' என்று இருந்தது. எங்கள் குழுவில் தையல் வேலை செய்யும் தங்கச்சி ஒருவர் அந்த இடத்தில் அப்படியே நின்றுவிட்டார். "எங்களுக்கு மாநிலம் இல்லையே அக்கா, என்னத்தைப் போடுறது?" என்றார். எங்களுக்கு இருப்பது மாகாணம். வட மாகாணம். அந்தப் படிவத்தைத் தமிழாக்கியவருக்கு இது தோன்றியிருக்காது. அவர் தன் முற்றத்தில் நின்று எழுதியிருக்கிறார். தவறு அவருடையதும் இல்லை, தங்கச்சியுடையதும் இல்லை. ஆனால் தங்கச்சி என்ன நினைத்தார் தெரியுமா? தனக்குக் கணினி ஓடாது, தனக்குப் படிப்புப் போதாது என்று நினைத்தார். இதுதான் நான் கண்ட பெரிய நட்டம்.

அப்படியானால் இலங்கைக்கென்று தனித் தமிழ் செய்துவிட்டால் என்ன?

அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். பயர்பொக்ஸ் என்ற இணைய உலாவியை நீங்கள் அறிந்திருப்பீர்கள். 2010 ஆம் ஆண்டை அண்டிய காலத்தில் அது தமிழில் இரண்டு பதிப்பாக வந்தது. ஒன்று 'தமிழ்', மற்றது 'தமிழ் (இலங்கை)'. ஸ்பானிய மொழியில் அதற்கு ஸ்பெயின், ஆர்ஜென்ரீனா, சிலி, மெக்சிக்கோ என்று நான்கு பதிப்புகள் உள்ளன. போர்த்துக்கீசத்தில் போர்த்துக்கலுக்கு ஒன்று, பிரேசிலுக்கு ஒன்று. அப்படியிருக்கத் தமிழுக்கு இரண்டு இருந்தால் என்ன என்று கேட்பது நியாயந்தான்.

ஆனால் 2011 இல் இருந்து பயர்பொக்ஸ் ஆறு வாரத்துக்கு ஒரு தடவை புதிய பதிப்பு வெளியிடத் தொடங்கியது. ஒவ்வொரு பதிப்பிலும் புதுச் சொற்றொடர்கள் வந்துகொண்டேயிருக்கும். பிரேசிலில் இருபது கோடி மக்கள் இருக்கிறார்கள். அங்கே தொண்டர் படை திரளும். எங்களிலோ விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். அந்தச் சிலரும் இரண்டாகப் பிரிந்து, ஒரே 'சேமி'யை இரண்டு தரம் எழுதிக்கொண்டிருந்தால் என்ன நடக்கும்? பின்னர் இலங்கைத் தமிழ்ப் பதிப்பு நின்றுபோய், இன்று தமிழுக்கு ஒரே பயர்பொக்ஸ்தான். லிப்ரே ஓபிஸ், குனோம், கேடீஈ ஆகியவையும் தமிழை ஒன்றாகவே வைத்திருக்கின்றன.

குளமும் வாய்க்காலும்

இரணைமடுவின் கீழே வயல் செய்கிற குடும்பத்தில் பிறந்தவள் நான். அதனால் எனக்கு இது வேறு விதமாக விளங்குகிறது.

குளம் ஒன்று. வாய்க்கால்கள் பல. போகம் தொடங்க முன்னர் எல்லோரும் ஒரு கூட்டத்தில் இருந்து, எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எப்போது திறப்பது என்று தீர்மானிப்பார்கள். அது குளத்துக்கான கூட்டம். பிறகு எந்த வரம்பு உடைந்தது, யாருடைய வயலுக்கு இன்னும் நீர் ஏறவில்லை என்பதை அந்தந்த வாய்க்காலில் உள்ளவர்கள் பார்த்துக்கொள்வார்கள். வாய்க்காலுக்கு ஒரு குளம் கட்ட எவரும் புறப்படுவதில்லை. அதேபோல, என் வயல் வரம்பில் நண்டுத் துளை விழுந்த கதையைக் குளத்துக் கூட்டத்தில் எழுப்பினால் எவரும் கேட்கப்போவதும் இல்லை.

மென்பொருள் வேலையும் இப்படித்தான் ஒழுங்காக வேண்டும் என்பது என் எண்ணம். மொழிபெயர்ப்பு குளம். அது மொழிக்கு ஒன்றாக இருக்கட்டும். காசு, கமா, திகதி, மாகாணம் ஆகியவை வாய்க்கால். அவை நாட்டுக்கு நாடு வேறாகட்டும். உதவி கேட்பதும் பழகுவதும் இன்னும் சிறிய வாய்க்கால். அவை ஊருக்கு ஊர் இருக்கட்டும்.

உலகத்தில் இதற்கு நல்ல உதாரணங்கள் உண்டு. சீன மொழி விக்கிப்பீடியா ஒன்றுதான். ஆனால் சீனா, தாய்வான், ஹொங்கொங், சிங்கப்பூர் ஆகிய இடங்களில் இருப்பவர்கள் தத்தமது வழக்குக்கு ஏற்ற எழுத்தும் சொல்லும் வருமாறு தெரிவு செய்துகொள்ளலாம். கட்டுரை ஒன்று, காட்சி பல. எங்கள் தமிழ் விக்கிப்பீடியாவும் 2003 இல் தொடங்கிய நாளில் இருந்து ஒன்றாகவே இருக்கிறது. இலங்கையரும் தமிழ்நாட்டவரும் புலம்பெயர்ந்தவர்களும் சேர்ந்து எழுதுகிறார்கள். ஒரு சொல்லுக்கு இரண்டு வழக்கு இருந்தால், எந்தச் சொல்லால் தேடினாலும் ஒரே கட்டுரைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழிமாற்று முறை அங்கே உண்டு. சண்டை பிடித்துப் பிரிந்து போகாமல் இருப்பதற்கு இப்படிச் சின்னச் சின்ன ஏற்பாடுகள் போதும்.

1993 இல் தொடங்கிய டெபியன் என்ற கட்டற்ற மென்பொருள் அமைப்பு, பாவனையாளருக்கு உதவும் குழுக்களை மொழிவாரியாக வைத்திருக்கிறது. ஸ்பானியம் பேசும் மெக்சிக்கோப் பெண்ணும் ஆர்ஜென்ரீனாப் பெண்ணும் ஒரே இடத்தில் கேட்கலாம். உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் உள்ளூர்க் குழுக்கள் பெரும்பாலும் நாட்டுவாரியானவை. ஆனால் தமிழுக்கென்று நாடு கடந்த மொழிக்குழு ஒன்றும் அங்கே இயங்கியது.

சகோதரிகளே, இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 2004 இல் டெபியனில் பெண்களுக்கென்று ஒரு குழு தொடங்கப்பட்டது. அது மொழியாலும் பிரிந்ததில்லை, நாட்டாலும் பிரிந்ததில்லை. பெண்கள் பொதுக் குழுவில் கேள்வி கேட்கத் தயங்கினார்கள். கேட்டால் ஏளனம் வருமோ என்ற அச்சம். தயங்காமல் கேட்க ஓர் இடம் வேண்டும் என்பதற்காகவே அது உருவானது. எங்கள் தங்கச்சி 'மாநிலம்' என்ற சொல்லின் முன்னால் நின்றபோது, "எனக்கு விளங்கேல்லை" என்று சொல்ல அவருக்கும் ஓர் இடம் தேவைப்பட்டது. வாய்க்கால் எவ்வளவு சிறியதோ அவ்வளவுக்கு வெட்கமும் குறையும்.

எங்கள் துயரில் பிறந்த மென்பொருள்

"இதெல்லாம் பெரிய நாட்டுக்காரர் செய்கிற வேலை, எங்களால் ஏலுமா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி.

2004 டிசெம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை என்ன செய்தது என்று எங்களுக்குத் தெரியும். அந்த நாட்களில் இலங்கையின் கணினி வல்லுநர்கள் சேர்ந்து, காணாமற் போனவர்களைப் பதியவும், முகாம்களைப் பதியவும், எங்கே என்ன உதவி தேவை என்று பார்க்கவும் ஒரு கட்டற்ற மென்பொருளை எழுதினார்கள். பெயர் 'சகானா'. சிங்களத்தில் ஆறுதல், நிவாரணம் என்று பொருள். அது இலங்கையோடு நிற்கவில்லை. 2005 இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும், 2006 இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும், அதே ஆண்டு இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நிலநடுக்கத்திலும் அதைப் பாவித்தார்கள். குளம் இங்கே, வாய்க்கால்கள் அங்கே! ஒவ்வொரு நாட்டாரும் தங்கள் மொழியையும் தங்கள் மாவட்டப் பெயர்களையும் அதிலே இட்டுக்கொண்டார்கள். யாரும் புதிதாக ஒரு சகானாவை எழுதத் தேவை ஏற்படவில்லை.

எங்கள் சொற்கொப்பி

கடன் தாள் கதைக்குப் பிறகு எங்கள் குழுவில் ஒரு நாற்பது பக்கக் கொப்பி வாங்கினோம். கணினிப் பக்கத்தில் ஒரு பேனையோடு அதைத் தொங்கவிட்டோம். திரையில் எந்தச் சொல்லின் முன்னால் நின்றுபோனாலும் அதை எழுதவேண்டும். பக்கத்தில் நாங்கள் அதற்கு என்ன சொல்வோம் என்றும் எழுதவேண்டும். யார் எழுதியது என்று பெயர் போடத் தேவையில்லை.

மூன்று மாதத்தில் கொப்பியில் முப்பத்தைந்து சொற்கள் சேர்ந்தன. கூட்டத்தில் வைத்து ஒவ்வொன்றாக வாசித்தோம். அப்போதுதான் ஒரு உண்மை தெரிந்தது. அவற்றில் பெரும்பாலானவை இலங்கைத் தமிழ், இந்தியத் தமிழ் என்ற வேறுபாடே இல்லை. தமிழ்நாட்டுப் பெண்ணுக்கும் அவை விளங்கியிருக்காது. மொழிபெயர்த்தவர் அகராதியைப் பார்த்துக் கடினமாக எழுதிய சொற்கள் அவை. உண்மையாகவே நாட்டால் வேறுபட்டவை ஆறோ ஏழோதான்!

கடினமான சொற்களை எளிமையாக்கும்படி தமிழாக்கக் குழுவுக்கு எழுதினோம். அது குளத்து வேலை. எல்லா நாட்டுத் தமிழருக்கும் பயன்படும். 'மாநிலம்' என்ற இடத்தில் 'மாநிலம் / மாகாணம்' என்று போடும்படி கேட்டோம். சிலவற்றை ஏற்றார்கள். சிலவற்றுக்குக் காரணம் சொல்லி மறுத்தார்கள். 'கணனி'யை நாங்களே விட்டுக்கொடுத்தோம். எங்கள் பிள்ளைகளின் பாடப்புத்தகத்திலும் இப்போது 'கணினி' என்றுதான் இருக்கிறது. எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடக்கூடாது என்று இருந்து கதைத்ததே எங்களுக்கு ஒரு படிப்பு.

உங்கள் ஊரிலும் இதைச் செய்யலாம். கணினியிலோ கைத்தொலைபேசியிலோ தமிழைத் தெரிவு செய்யும்போது, வட்டாரம் இலங்கை என்று இருக்கிறதா எனப் பாருங்கள். கணக்கு அச்சடிக்க முன்னர் ஒரு தொகையை இட்டு, கமாவும் காசுக் குறியும் சரியா எனப் பாருங்கள். விளங்காத சொல்லைக் கண்டால் உங்களை நீங்களே குறைத்து எண்ணாதீர்கள். எழுதி வையுங்கள். பத்துப் பேர் எழுதி வைத்தால் அது ஒரு குரலாகிவிடும்.

அடுத்த மாதக் கூட்டத்தில் அந்த அம்மாவிடம் புதிய தாளைக் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மெதுவாக வாசித்தார். கட்டிய தவணை போக மீதி எவ்வளவு என்று விரலை வைத்துப் பார்த்தார். பிறகு தன்னுடைய பழைய கொப்பியை விரித்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தார்.

"இது எங்கட காசுதான்" என்றார்.

தாளை நாலாக மடித்து, கொப்பிக்குள் வைத்துக்கொண்டார்.